இங்கிலீசுக்கு மட்டும் விறைத்த கை

ஒன்றாகப் படித்த நாம் கைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறோம். கனடாவிலிருந்து ஒருவர் காலை வணக்கம் அனுப்புவார், பாரிஸிலிருந்து ஒருவர் முழங்கால் வலிக்கு மருந்து சொல்வார், மன்னாரிலேயே தங்கிவிட்ட நாங்கள் யார் செத்தது என்று அறிவிப்போம். போன மாதம் ஒருவர் அதில் கேட்டிருந்தார்: பேரப்பிள்ளையை இங்கிலீசில் ஒரு பந்தி எழுதச் சொன்னால் உடனே வயிற்றுவலி வருகிறதாம், நம் காலத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று. ஒருவரும் பதில் போடவில்லை. இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டீர்கள்.

எனக்கு இருந்தது. வயிற்றில் இல்லை, கையில். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள், மறந்திருப்பீர்கள். கைபேசியில் இவ்வளவு எழுத முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நாம் எட்டாம் வகுப்புக்கு வந்த வருசம். நத்தார்ப் பண்டிகைக்குக் கட்டிய நட்சத்திரங்களை இன்னும் கழற்றாத வீடுகள் இருந்தன. வாடைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வள்ளத்தில் போன அப்பா திரும்பி வரவில்லை. கரையில் நின்று பார்த்தார்கள், பேசாலைப் பக்கம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். பிறகு தலைமன்னார்க் கப்பலில் வந்த ஒரு வியாபாரி செய்தி கொண்டுவந்தார். அப்பா உயிரோடு இருக்கிறார், அக்கரையில், இந்தியாவில், பிடித்துச் சிறையில் வைத்திருக்கிறார்கள்.

இயந்திரம் நின்றுவிட்டது, காற்று கொண்டுபோய்விட்டது என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். பங்குச் சுவாமியிடம் அதைத்தான் சொன்னார்கள், கடையில் அதைத்தான் சொன்னார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் சொன்னேன். அப்பாவின் சாரம் ஒன்று கொடியில் கிடந்தது. அம்மா அதைத் தோய்க்கவும் இல்லை, எடுத்து மடிக்கவும் இல்லை. அது ஆடி ஆடி ஒரு கரை நூல் நூலாகப் பிரிந்தது. அம்மா வழமைபோலக் கருவாடு காயப்போட்டார், புரட்டினார், அள்ளினார். வீட்டில் யாரும் பெரிதாக அழுததாக எனக்கு நினைவில்லை. எல்லோரும் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள்.

அப்பாவின் மூத்த சகோதரிதான், என் அத்தை, எல்லாவற்றையும் நடத்தினார். கச்சேரிக்கு, அரசாங்க அலுவலகத்துக்கு, முன்னால் தட்டச்சு இயந்திரம் வைத்திருந்த ஒருவரிடம் போய், அப்பாவை மீட்டுத் தரும்படி கொழும்பு அரசாங்கத்துக்கு ஒரு பெட்டிசம் அடிப்பித்து அனுப்பினார். பதில் வரவில்லை. அப்போதுதான் அத்தைக்கு அந்த எண்ணம் வந்தது. தட்டச்சில் அடித்த கடிதம் அங்கே ஆயிரம் வரும், ஒரு பிள்ளை கையால் எழுதினதைக் கண்டால் மனம் இரங்கும் என்றார். தமிழில் எழுதினால் வாசிக்க ஆள் இருக்காது, இங்கிலீசில்தான் எழுத வேண்டும்.

நான் வகுப்பில் இங்கிலீசில் முதலாம் பிள்ளை. அதன் பொருள் என்னவென்று உங்களுக்குத் தெரியும். பாடப் புத்தகத்தைத் தடக்காமல் சத்தமாக வாசிப்பேன், சொல்வதெழுதலில் பிழை விடமாட்டேன். சொந்தமாக ஒரு வசனம் எழுதும்படி அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வீட்டில் அதையெல்லாம் பிரித்துப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு இங்கிலீசு தெரியும் என்று முடித்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, மேசையைத் துடைத்து, நீளத் தாள் ஒன்றை விரித்து என்னை இருத்தினார்கள். அத்தை ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், அயலில் இருந்த நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். ஆளுக்கொன்றாகத் தமிழில் சொல்ல நான் இங்கிலீசில் எழுத வேண்டும். எங்களுக்கு வேறு வருமானம் இல்லை என்று எழுது. அவர் ஒரு குடி வெறி இல்லாத மனிதன் என்று எழுது. காற்றுத்தான் அவரை அக்கரைக்குக் கொண்டுபோனது, அதை மறக்காமல் எழுது.

அந்த வசனத்துக்குத் தேவையான சொற்கள் எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தன. எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்பதுதான் தெரியவில்லை. நம் புத்தகத்தில் அப்பாவைப் பற்றிய வசனங்கள் எல்லாம் ‘மை ஃபாதர்’ என்றுதான் தொடங்கும். அதனால் அப்பாவை முன்னால் வைத்தேன். ‘மை ஃபாதர் டேக் த விண்ட் டு இந்தியா’ என்று எழுதினேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று அத்தை சொன்னார். பார்த்து ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு, முதல் தாளைத் தபாலில் சேர்த்தோம்.

பெரிய வெள்ளிக்கு அம்மாவின் தமையன் கொழும்பிலிருந்து வந்தார். அங்கே ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். எங்கள் பக்கத்தில் இங்கிலீசுப் பத்திரிகை வாசிக்கும் ஒரே ஆள் அவர்தான். அத்தை பெருமையாக அந்தப் பிரதியை எடுத்துக் கொடுத்தார். மாமா தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே வாசித்தார். பாதியில் புரைக்கேறிவிட்டது.

“அப்பா காற்றை அக்கரைக்குக் கொண்டுபோனவராம்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். தை மாதத்துக்குப் பிறகு அம்மா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நானும் சிரித்தேன். மாமா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தார். முகம் மாறியது.

“இது சிரிக்கிற விசயமில்லை. இதை வாசிக்கிறவன் என்னெண்டு விளங்குவான்? இவர் தானா ஏதோ கொண்டு போனவர் எண்டுதானே. உள்ள பிரச்சினை காணாதெண்டு இது வேறை.”

சிரிப்பு நின்றது. யாரும் என்னை ஏசவில்லை. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். அத்தை தாளை வாங்கி மடித்து இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகினார். மாமா அன்று மாலையே என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ் பழம் வாங்கிக் கொடுத்தார். அதன் ருசி நினைவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியது. இங்கிலீசுப் பாடத்துக்கு மணி அடித்தது. பேனையை எடுத்தேன். மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லாததுபோல் இருந்தது. மீன் போடும் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு நெடுநேரம் வைத்திருந்து எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. விரல்களைப் பார்க்க முடிந்தது, மடக்க முடியவில்லை. அடுத்த பாடம் கணக்கு. கை வழமைபோல எழுதியது.

அப்போதிருந்த இங்கிலீசு வாத்தியார் ஓய்வு பெறக் கிடந்தவர். முதல் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கோடு போடும் அடிமட்டத்தால் விரல்களில் அடித்தார். அடி விழுந்த சத்தம் கேட்டது. வலி பெரிதாகத் தெரியவில்லை. அதைப் பார்த்து அவர் பயந்துபோய் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்.

அம்மா என்னை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டொக்டர் கையைத் தட்டிப் பார்த்து, பெயரை எழுதச் சொன்னார். தமிழில் எழுதினேன். இங்கிலீசில் எழுதச் சொல்லியிருந்தால் அவருக்கு ஏதாவது விளங்கியிருக்கும். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் பஞ்சி, சோம்பல் என்று அம்மாவிடம் சொல்லி, சத்துக் குளிசை தந்தார். அத்தை எண்ணெய் போட்டு உருவிவிட்டார். மடு மாதாவுக்கு மெழுகால் செய்த கை ஒன்று நேர்ந்தார். ஏன் எழுதமாட்டேன் என்கிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். எழுதினால் என்ன நடக்கும் என்று நினைக்கிறாய் என ஒருவராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ தெரியாது. நான் இங்கிலீசில் எழுதும் ஒவ்வொரு வசனத்துக்கும் அப்பா அங்கே இன்னும் கொஞ்சக் காலம் இருக்க வேண்டி வரும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பயம் என்று சொல்வார்கள் என்பது அப்போது தெரியாது. எனக்குப் பயம்போல் எதுவும் இருக்கவில்லை. ஒன்றுமே இருக்கவில்லை.

வைகாசியில் வாத்தியார் ஓய்வு பெற்றுப் போக, இங்கிலீசு டீச்சர் வந்தார். முசலிப் பக்கத்துப் பெண், முதல் நியமனம். வெள்ளைச் சேலையை முக்காடாக இழுத்துவிட்டு, செருப்பிலிருந்த மணலை வாசலில் தட்டிவிட்டு வகுப்புக்குள் வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். வாங்கில் என் பக்கத்தில் இருந்த தோழியின் வீட்டில்தான் தங்கியிருந்தார். சோளகக் காற்று தொடங்கிவிட்டது. அரைச் சுவருக்கு மேலால் மணல் வந்து கொப்பிகளில் படிந்தது. வாய்க்குள் எந்நேரமும் மணல் நறநறத்தது.

டீச்சர் புத்தகத்தைத் திறக்கவில்லை. இன்று காலையில் கண்டதை எழுதுங்கள் என்றார். இங்கிலீசில் சொல் வராவிட்டால் அந்த இடத்தில் தமிழ்ச் சொல்லைப் போடலாம். எழுதியதை அவர் வாங்கிப் பார்க்கமாட்டார். விரும்பினவர்கள் மட்டும் வாசிக்கலாம். அப்படிச் சொல்லிவிட்டு நமக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, கரும்பலகையில் தானும் எழுதத் தொடங்கினார்.

“நான் திரும்பிப் பாக்கமாட்டன். நானும் எழுதத்தான் போறன். எனக்கும் பிழை வரும்.”

வந்தது. ஒரு சொல்லை எழுதி, அழித்து, திரும்ப எழுதி, திருப்தியில்லாமல் அப்படியே விட்டார். ஒரு பெரிய ஆள் நம் கண் முன்னால் இங்கிலீசில் தடுமாறுவதை அன்றுதான் முதலில் கண்டோம். பின் வாங்கில் இருந்தவர்கள்கூட எழுதினார்கள். சுண்ணக்கட்டிச் சத்தமும் பென்சில் சத்தமும் காற்றும் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

நான் எழுதவில்லை. டீச்சர் என் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோழி சொல்லியிருப்பாள், ஆனாலும் கேட்கவில்லை. சில நாள் கழித்து இருவர் இருவராக எழுதச் சொன்னார். ஒருவர் சொல்ல மற்றவர் எழுத வேண்டும். நான் சொல்ல, தோழி எழுதினாள். நான் ஒரு சொல் சொல்வேன், அவள் இன்னொரு சொல்லைப் போடுவாள், இரண்டும் பிழையாக இருக்கும். பிழை யாருடையது என்று பார்க்க முடியாது. அப்படியே ஆனி மாதம் போயிற்று.

ஒருநாள் தோழி வரவில்லை. கூவைக்கட்டு வந்து கன்னம் வீங்கிக் கிடந்தாள். அன்றைக்குத்தான் அந்தக் கழுதை வந்தது. மன்னாரில் கழுதை பள்ளிக்கூடத்துக்குள் வருவது புதினமில்லை. ஆனால் இது அரைச் சுவருக்கு மேலால் தலையை நீட்டி, சுவரோரம் இருந்த பெடியனுடைய கொப்பியைக் கடித்து இழுத்து, நிதானமாகச் சப்பியது. டீச்சர் விரட்டவில்லை. “எழுதுங்கோ, எழுதுங்கோ, போக முதல் எழுதுங்கோ” என்றார். வகுப்பு முழுக்கக் குனிந்தது. எனக்காக எழுத ஆள் இல்லை. ‘டோங்கி ஈட் கொப்பி. கொப்பி நோ. டோங்கி ஹேப்பி’ என்று தாளில் இருந்தது. என் எழுத்துத்தான். எப்போது பென்சிலை எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

கையைத் திருப்பிப் பார்த்தேன். வழமையான கை. சந்தோசம் என்று சொல்ல ஒன்றும் வரவில்லை. கழுதை தாளை விழுங்கிவிட்டுப் போனது. டீச்சர் நான் எழுதியதைக் கண்டார். கண்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் எழுதினேன். ஒவ்வொரு நாளும் இரண்டு வரி, மூன்று வரி. வாசிக்கவில்லை, காட்டவில்லை. அப்பாவைப் பற்றி எழுதவில்லை. அயல் வீட்டு நாய், கிணற்று வாளி, கூழ். தமிழ்ச் சொற்கள் மெல்ல மெல்லக் குறைந்தன.

ஆடியில் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வெள்ளை நீளக் காற்சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனை. அதிபர் பின்னால் கைகட்டி வந்தார். அதிகாரி முன் வாங்கிலிருந்து கொப்பிகளை எடுத்துப் புரட்டினார். ஒன்றிலும் ஒரு திருத்தம் இல்லை, ஒரு புள்ளி இல்லை, ஒரு கையெழுத்து இல்லை. நாலாவதோ ஐந்தாவதோ எடுத்தது என்னுடையது. கழுதைப் பக்கத்தில் நின்றார். அதைச் சத்தமாக வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் சிரிக்காததை நான் மறக்கவில்லை. பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து, நின்றபடியே ஒவ்வொரு சொல்லையும் வெட்டினார். அதிபரிடம் இங்கிலீசில் ஏதோ நீளமாகச் சொன்னார். அதில் ‘லேசி’, சோம்பேறி, என்ற ஒரு சொல்தான் நமக்கு விளங்கியது. நம்மைச் சொல்கிறார் என்று நினைத்தோம். டீச்சரைத்தான் சொன்னார்.

டீச்சர் தமிழில் பதில் சொன்னார். “சேர், இந்தப் பிள்ளை கன நாளா ஒரு எழுத்தும் எழுதாமல் இருந்தது.”

“எழுதாமலே இருந்திருக்கலாம்” என்றார் அதிகாரி.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பள்ளித் தவணை முடிய முன்னரே இடமாற்றம் வந்தது. நம்மிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. மதிய பஸ்ஸுக்குப் பெட்டியோடு நின்றதைத் தோழி மட்டும் கண்டாள். படிப்பிக்கத் தெரியாத டீச்சரை மாற்றிவிட்டார்கள் என்று ஊரில் சொன்னார்கள். அம்மாவும் அப்படித்தான் சொன்னார்.

டீச்சர் போன அன்று பின்னேரம் நான் வீட்டுப் பின் வளவில் குந்தியிருந்து கொப்பியைத் திறந்தேன். கை இனித் திரும்ப விறைக்கும் என்று காத்திருந்தேன். விறைக்கவில்லை. வெட்டிக் கிடந்த வரிகளுக்குக் கீழே இன்னும் இரண்டு வரி எழுதினேன்.

ஆவணியில் அப்பா வந்தார். அக்கரையில் பிடிபட்டுக் கிடந்தவர்கள் எல்லோரையும் ஒன்றாக விட்டு, கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். தலைமன்னார் இறங்குதுறைக்குப் போய் நின்றோம். மொட்டை அடித்திருந்தது, கழுத்து நீண்டுபோயிருந்தது, வேறொரு சவர்க்காரத்தின் மணம் அடித்தது. அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேசன்வரை நடந்தார். வீட்டுக்கு வந்ததும் அத்தை வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார், பிள்ளை எழுதின பெட்டிசம்தான் வேலை செய்தது என்று. மாமாவும் கொழும்பிலிருந்து கடிதம் போட்டு என்னைப் பாராட்டியிருந்தார். கேட்டுக்கொண்டு நின்றேன். அவர்கள் வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் இருந்தது.

சில நாள் கழித்து அப்பா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். முதுகில் இருந்த தழும்புகளை நான் பார்க்கக்கூடாது என்று திரும்பித் திரும்பி நின்றார். பிறகு கேட்டார், பெட்டிசத்தில் என்ன எழுதினாய் என்று. காற்றுக் கொண்டுபோனது என்று எழுதச் சொன்னார்கள் என்றேன்.

“காற்று ஒண்டும் செய்யேல்ல. நான்தான் போனனான். கராம்பும் சவுக்காரமும் களவாக் கொண்டு போனனான். கொம்மாவுக்குத் தெரியும்.”

அடுத்த வாளியை இறக்கினேன். அப்படியென்றால் மாமா சிரித்த வசனம் ஏறக்குறையச் சரி. அத்தைக்கும் தெரிந்திருக்கும். மேசையைச் சுற்றி நின்றவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று யோசித்தேன். கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. தண்ணீரை ஊற்றினேன், அவர் தலையைத் துவட்டினார், அவ்வளவுதான். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசவில்லை. அப்பா செத்தும் கன காலமாகிவிட்டது.

நான் பிறகு என்ன ஆனேன் என்பது உங்களுக்குத் தெரியும். கச்சேரியில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை இங்கிலீசில் கடிதம் எழுதித்தான் சோறு தின்றேன். நல்ல இங்கிலீசு என்று யாரும் சொன்னதில்லை. எழுதப் பயந்ததும் இல்லை.

டீச்சர் எங்கே போனார் என்று எனக்கு நெடுங்காலம் தெரியாது. நான் தேடவும் இல்லை. பிறகு சண்டை வந்தது, டீச்சருடைய முஸ்லிம் சனம் எல்லாம் ஊரை விட்டுப் புத்தளத்துக்குப் போக வேண்டி வந்தது, பக்கத்து வாங்குத் தோழியும் போனாள். இந்த வருசம் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு தோழி என்னை முசலிக்குக் கூப்பிட்டாள். அவளுடைய மகள் அங்கே திரும்பி வந்து வீடு கட்டியிருக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, டீச்சர் அடுத்த ஒழுங்கையில்தான் இருக்கிறார், பார்க்கிறாயா என்று கேட்டாள்.

வேப்பமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். கண் சத்திரசிகிச்சை செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தோழியைக் குரலில் அறிந்துகொண்டார். என்னைத் தெரியவில்லை. வகுப்பைச் சொன்னேன், வருசத்தைச் சொன்னேன், கையைச் சொன்னேன். இல்லை என்று தலையாட்டினார். அதிகாரியைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

“அந்த ஆளை மறக்கேலுமா? எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு.”

மருமகள் வட்டிலப்பமும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தாள்.

“அதுக்குப் பிறகு நான் அப்படிப் படிப்பிக்கேல்ல பிள்ளை. பயந்திட்டன். எல்லாரையும் போலத்தான். ஒரு வசனம் விடாமல் சிவப்பால திருத்தினன். பென்சன் எடுக்கும்வரைக்கும் அதுதான். எவ்வளவு பிள்ளையள்.” கோப்பையைக் கையால் தடவித் தேடி எடுத்தார். “நான் செய்தது பிழையாக்கும் எண்டு நினைச்சிட்டன். உங்கட கை பிறகு எழுதினதோ?”

“ஓம் டீச்சர். நீங்கள் இருக்கேக்கயே எழுதத் தொடங்கிட்டுது. நீங்கள் போன பிறகும் நிக்கேல்ல. நான் அதாலதான் வேலை செய்து பென்சன் எடுத்தனான்.”

தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் அவர் எங்கே பார்க்கிறார் என்று தெரியவில்லை.

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல” என்றார்.